பிரித்துக் காட்டிய மூட்டைகள்

ஓடைக்கரைப்பட்டியில் பாண்டீஸ்வரனுக்குப் பேச்சுக்காரன் என்று பேர். கல்யாண வீட்டில் சம்பந்திகள் முறுக்கிக்கொண்டு நின்றால் அவனைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். கரண்டு ஆபீசில் மனுக் கொடுக்க வேண்டுமென்றாலும் அவன்தான் முன்னால் நிற்பான். மற்றபடி மூன்று ஏக்கரில் பன்னீர் திராட்சைப் பந்தல் போட்டிருந்த சாதாரண சம்சாரி. வயது நாற்பத்தைந்து. பொய் சொல்கிறவன் என்று அதுவரை அவனை யாரும் சொன்னதில்லை.

அது இரண்டாயிரத்து எட்டாம் வருஷம். கம்பம் பள்ளத்தாக்கில் வேலை கிடந்தது, ஆள் இல்லை. விடியக்காலம் ஜீப்புகள் வந்து ஊர் முக்கில் நிற்கும். ஒரு ஜீப்புக்குப் பதினெட்டுப் பொம்பளைகள் தூக்குவாளியோடு ஏறி, கூடலூர் தாண்டி, குமுளி மலையேறி ஏலத்தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். அங்கே கூலி இங்கே கொடுப்பதைப்போல ஒன்றரைப் பங்கு. மலையில் வெயிலும் உறைக்காது. போகாதே என்று யார் சொல்ல முடியும்? இளவட்டங்கள் எல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய் நாளாச்சு. முந்தின வருஷம் பழுத்த குலையை அறுக்க ஆளில்லாமல் பந்தலிலேயே காய்ந்து கருவாடாய்த் தொங்கியதைப் பார்த்துத்தான் நாலு ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள்.

சங்கத்துக்குச் சட்டம் மூன்று. நாலு ஊரிலும் ஒரே கூலி. நாலு ஊர்ப் பழமும் ஒரே லாரியில், பழனிசெட்டிபட்டி வியாபாரி ராஜமணிக்கு. வெளியிலிருந்து ஆள் கூட்டி வந்தால் நாலு ஊருக்கும் முறை வைத்து வேலை. ஆண்டிப்பட்டிப் பக்கம் கரும்பு வெட்ட வந்திருந்த கள்ளக்குறிச்சிக்காரர்களில் பன்னிரண்டு குடும்பத்தைச் சங்கம் பேசிக் கூட்டி வந்தது. அவர்கள் தங்குவதற்கு ஓடைக்கரைப்பட்டியில் இருந்த சங்கத்துத் தகர ஷெட்டைக் கொடுத்தார்கள். அவர்களுக்கு மேஸ்திரி கலியமூர்த்தி என்று பேருக்கு ஓர் ஆள். உண்மையில் ஆளை ஏவி வேலை வாங்கியது அவன் பெண்சாதி அஞ்சலாட்சிதான். குலைக்கு வலிக்காமல் கத்திரி போடுகிற கை அவளுக்கு. பழத்தின் மேலே படிந்திருக்கிற சாம்பல் பூச்சு அழியாமல் பெட்டியில் அடுக்குவாள்.

ஆறு மாதம் நல்லாத்தான் போனது. அப்புறம் முணுமுணுப்பு ஆரம்பித்தது. இடம் நம்மது, தண்ணீர் நம்மது, முறை வரும்போது மட்டும் நாம் நாலாவது. பெரிய பந்தல்காரர்கள் இருக்கிற ஊருக்கே ஆள் முதலில் போகுது. நம் பழத்துக்கு நாம் விலை சொல்ல முடியவில்லை, ராஜமணி சொல்கிறான். டீக்கடை அம்மாவாசி கடை பெஞ்சியில் தினமும் இதே பேச்சு. சங்கத்தை விட்டு வெளியே வந்துவிடுவோம், வெளியாளையும் அனுப்பிவிடுவோம் என்று ஒரு கட்சி. வேண்டாம், கெட்டுப்போவோம் என்று ஒரு கட்சி. பாண்டீஸ்வரன் முதல் கட்சி. அவன் மனசார நம்பித்தான் அந்தப் பக்கம் நின்றான். அது தப்பில்லை.

ஆவணி மாதம், சங்கத்து மருந்தடிக்கிற மிசின் காணாமல் போனது. ஷெட்டில் ஒரு மூலையில் கிடந்த பவர் ஸ்பிரேயர். ஒரு வாரம் கழித்து, சங்கத்தில் இருப்பதா விடுவதா என்று முடிவுகட்ட ஊர்க்கூட்டம் வைத்தார்கள்.

கூட்டத்தன்று காலையில் பாண்டீஸ்வரன் சாப்பிட உட்கார்ந்தபோது அவன் பெண்சாதி தேவயானி இட்லியை வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"என்ன?" என்றான்.

"மிசின எடுத்தது சுருளியாண்டிதான்."

சுருளியாண்டி அவளுடைய தம்பி. சங்கத்து டிராக்டர் ஓட்டுகிறவன். மருந்து கலக்க வேண்டுமென்று ஊரில் பலரும் வாங்குவதைப்போல அஞ்சலாட்சியிடம் சாவி வாங்கி, மிசினை எடுத்துப் போய்க் குமுளியில் எவனுக்கோ விற்றுவிட்டான். நேற்று அவனே அக்காளிடம் வந்து அழுதிருக்கிறான்.

"கூட்டத்துல சொல்லிப்புடாதீக. எங்க ஆத்தா மொகத்துல முழிக்க முடியாது" என்றாள் தேவயானி.

"நான் எதுக்குச் சொல்லப் போறேன்?" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவினான். சொல்லக் கூடாது என்பது மட்டும்தான் அப்போது அவன் மனதில் இருந்தது. வேறு கெட்ட எண்ணம் இல்லை.

சமுதாயக் கூடத்தில் ஊரே கூடியிருந்தது. முதலில் மலைச்சாமி எழுந்தார். அறுபது வயது, சங்கத்தில் இந்த ஊருக்குச் செயலாளர் அவர்தான்.

"ஏப்பா, ஆளு நமக்கு வேணுமா வேணாமா, அத மட்டும் யோசிங்க. ராஜமணி லாரி சங்கத்துக்குத்தான் வருது, நம்ம மூஞ்சிக்கு வரல. நாலாவது முறைன்னா நாலாவதாவது அறுக்குறோம். தனியா நின்னா யாரு வந்து அறுப்பாக?"

அடுத்து பவுனு எழுந்தாள். பாண்டீஸ்வரனின் பங்காளி ஒருவரின் விதவை, அவனுக்கு மதினி முறை. நிலம் கிடையாது. மலைக்குப் போகிற ஜீப்புக்கு ஆள் சேர்ப்பவள் அவள்தான்.

"கூலியச் சங்கம் முடிவு பண்ணுது, எங்கள யாரும் கேக்கல. ஏத்திக் கேட்டா, அந்தா ஷெட்டுல ஆளு இருக்கு, நீ போன்னு சொல்றாக. அந்த ஆளுக மேல எனக்கு ஒண்ணும் கோவமில்ல. ஆனா அவுக இங்கன இருக்க வரைக்கும் எங்க பேச்சுக்கு மதிப்பில்ல."

இரண்டு பேச்சிலும் நியாயம் இருந்தது. கூட்டம் அங்கேயும் இங்கேயுமாக ஆடியது. பாதிப் பேர் மலைச்சாமி பக்கம் சாய்கிறார்கள் என்று பாண்டீஸ்வரனுக்குத் தெரிந்தது. தோற்றுவிடுவோம் என்று பட்டதும் அவன் எழுந்தான்.

"நான் யாரையும் குத்தம் சொல்ல வரல" என்று ஆரம்பித்தான். "மிசினு எங்கன இருந்துச்சு? ஷெட்டுல. பூட்டு ஒடஞ்சிருக்கா? ஒடயல. சாவி யாரு கையில இருக்கு? நம்ம ஊரு ஆளு கையிலயா இருக்கு? இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல? இன்னைக்கு மிசினு. நாளைக்கு நம்ம வீட்டுப் பொம்பள கழுத்துல கெடக்குறது. ஊரு பேரு தெரியாத ஆளுக்கு நாமளே சாவியக் குடுத்துட்டு நாமளே திண்டாடணுமா?"

ஒரு பேரும் சொல்லவில்லை. ஒரு பொய்யும் தனியாக எடுத்துக் காட்ட முடியாதபடிதான் பேசினான். கூடம் இரைந்தது. மலைச்சாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவனைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். கை தூக்கச் சொன்னார்கள். மலைச்சாமியையும் இன்னும் நாலு பேரையும் தவிர எல்லாக் கையும் மேலே போனது. சங்கத்தை விட்டு விலகுவது, ஷெட்டில் இருப்பவர்கள் மூன்றாம் நாள் காலி செய்வது என்று தீர்மானம்.

வீட்டுக்கு வந்தபோது தேவயானி கேட்டாள். "அவுகள எதுக்கு இழுத்தீக?"

"நான் யாரு பேரையும் சொல்லலையே."

அவள் சோற்றை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவன் பாதியில் எழுந்துவிட்டான்.

மூன்றாம் நாள் காலையில் மினி லாரி வந்து நின்றது. ஊர் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. அஞ்சலாட்சி ஷெட்டைக் கூட்டிப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டு, சாவியை மலைச்சாமி கையில் கொடுத்தாள். லாரியில் மூட்டை ஏற்றப்போன ஆட்களை, "இருங்க" என்று நிறுத்தினாள். தன் மூட்டையை நடுத்தெருவில் வைத்து முடிச்சை அவிழ்த்தாள்.

நாலு சேலை, ஒரு பாய், அலுமினியக் குண்டான், ஒரு சாமி படம், கிழிந்த உள்பாவாடை. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து உதறிக் காட்டினாள். அடுத்த மூட்டை, அதற்கடுத்த மூட்டை என்று பன்னிரண்டு குடும்பத்து மூட்டையையும் பிரித்தாள். ஒருத்தரும் அவளைப் பிரிக்கச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் ஒருத்தரும் சொல்லவில்லை.

"பாத்துக்குங்க. அப்புறம் சொல்லக் கூடாது" என்றாள். குரல் உயரவில்லை.

பாண்டீஸ்வரன் கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தான். அந்தக் கிழிந்த துணியைப் பார்க்க மாட்டாமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு வார்த்தை அப்போது சொல்லியிருந்தால் போதும். லாரி கிளம்பிப் போய்விட்டது.

ஐப்பசியில் பழம் பழுத்தது. அதே சமயம் மலையில் ஏலக்காய் எடுப்பு மும்முரம். பவுனுவிடம் போய்க் கேட்டார்கள்.

"மலைக்கூலியக் குடுங்க, நாளைக்கே எறங்குறோம்" என்றாள்.

கட்டுபடியாகாது என்றார்கள். "அப்ப எங்களுக்கும் கட்டாது" என்று ஜீப்பில் ஏறிவிட்டாள். ராஜமணிக்குப் போன் போட்டால், சங்கத்து மூன்று ஊருக்கும் ஏற்றி முடித்துவிட்டு இடமிருந்தால் வருகிறேன் என்றார். இடம் இருக்கவில்லை. தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்டது. பழம் தண்ணீர் குடித்து வெடித்தது. பந்தலுக்குள் நுழைந்தால் புளித்த வாடை, குளவிக் கூட்டம். பாண்டீஸ்வரனும் தேவயானியும் நாள் முழுக்க அறுத்தும் அரை ஏக்கர் தாண்டவில்லை. சுருளியாண்டியும் வந்து அறுத்தான். மாமன் முகத்தை அவன் பார்க்கவில்லை, அவன் முகத்தை மாமனும் பார்க்கவில்லை.

அம்மாவாசி கடை பெஞ்சியில் இப்போது வேறு பேச்சு. அந்தக் கள்ளக்குறிச்சி ஆட்களையே கூப்பிட்டால் என்ன?

"எங்கன இருக்காகளோ" என்றார் ஒருவர்.

பவுனுதான் சொன்னாள். "நாங்க காய் எடுக்குற எஸ்டேட்லதான் இருக்காக. அங்கனயே லயத்து வீட்டுல தங்கியிருக்காக."

எல்லோரும் பாண்டீஸ்வரனைத் திரும்பிப் பார்த்தார்கள். "நீ போய்ப் பேசு. நீ பேசுனா வருவாக" என்றார்கள். மாட்டேன் என்று சொல்ல அவனிடம் ஒரு காரணமும் இல்லை. இருந்த ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது.

மறுநாள் பொம்பளைகள் ஜீப்பில் பவுனு தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் லயத்து வாசலில் அஞ்சலாட்சியைப் பார்த்தான். அவள் எழுந்து நின்றாள். உள்ளே போய்ப் பால் விடாத கட்டன் சாயா போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றான். குளிர் என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ, உள்ளே வந்து உட்காரச் சொன்னாள்.

"தாயி, ஊர்ல உங்களக் கூப்புடுறாக. பழம் வெடிச்சுக் கெடக்கு" என்றான்.

"அந்த மிசினு ஆப்புட்டுச்சாங்களாண்ணா?" என்று கேட்டாள்.

இரண்டு மாதமாக அவள் மனதில் கிடந்த கேள்வி அது ஒன்றுதான் என்று அவள் கேட்ட விதத்திலேயே தெரிந்தது. இல்லை என்று சொல்லத்தான் அவன் வாய் போனது.

"ஆங். யாரு எடுத்ததுன்னு தெரிஞ்சிருச்சு. உங்க ஆளுக யாரும் இல்ல" என்றான்.

அவள் முகம் விரிந்தது. "ஏங்க, கேட்டீங்களா? தெரிஞ்சிருச்சாம்!" என்று உள்ளே பார்த்துக் கூவினாள். கலியமூர்த்தி சாப்பிட்ட கையோடு வெளியே வந்து அவனைக் கும்பிட்டான். எச்சில் கையால் கும்பிட்டோமே என்று கூசி, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடியும் கும்பிட்டான். பாண்டீஸ்வரனுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது.

"ஊர்ல எல்லாருக்கும் சொல்லிட்டீங்களா?" என்றாள் அஞ்சலாட்சி.

"இனிமேத்தான் சொல்லணும்."

"சொல்லிட்டு வாங்கண்ணா. வேற ஒண்ணும் வேணாம். கூலி கூட நீங்க குடுக்கறதக் குடுங்க. எல்லாரு முன்னாடியும் சொன்னீங்கன்னா வந்து அறுத்துக் குடுக்கறோம்."

இறங்கி வந்தவன் தேவயானியிடம் சொன்னான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"சொல்லிருங்க. எங்க ஆத்தாள நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜீப் கிடையாது. அன்று மத்தியானம் அவனே கூட்டம் போடச் சொன்னான். இரண்டு மாதத்துக்கு முன்னால் நின்ற அதே இடத்தில் நின்றான். இந்தத் தடவை பேச்சு கோவையாக வரவில்லை.

"மிசின எடுத்தது என் மச்சினன் சுருளியாண்டி. அன்னைக்குக் காலையிலயே எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் அந்த ஆளுக மேல பழி விழுகுற மாதிரிப் பேசுனேன். அது எம் தப்பு. என்ன தண்டம் போட்டாலும் கட்டுறேன்."

கண்ணை மூடாத குறையாக நின்றான். காறித் துப்புவார்கள், சண்டைக்கு வருவார்கள், செருப்பு வந்தாலும் வரும் என்றெல்லாம் நினைத்துத்தான் வந்திருந்தான்.

யாரும் அசையவில்லை. ஒருவர் காதைக் குடைந்துகொண்டிருந்தார். அம்மாவாசி கொட்டாவி விட்டார்.

"இதுக்கா கூட்டம் போட்ட? அது தெரிஞ்ச கததானப்பா" என்றார். "உன் மச்சினன் மிசினத் தூக்கிட்டு என் கடை முன்னாடிதான் பஸ் ஏறுனான். கடையில அஞ்சாறு பேரு உக்காந்திருந்தோம்."

"அப்ப அன்னைக்கே தெரியுமா?"

"தெரியாம என்ன."

பாண்டீஸ்வரன் கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். தெரியாத முகம் ஒன்றாவது இருக்குமா என்று தேடினான். எல்லா முகமும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

பவுனுதான் பேசினாள். "நீ பொய்யச் சொல்லி எங்கள ஏமாத்திப்புட்டன்னு நெனச்சியா கொழுந்தனாரே? அவுகள அனுப்பணும்னு எங்களுக்கு இருந்துச்சு. சும்மா அனுப்புனா பாவமாத் தெரியும். ஒரு காரணம் வேண்டியிருந்துச்சு, நீ எடுத்துக் குடுத்த. அம்புட்டுதான்."

"சரி சரி, நடந்தது நடந்துபோச்சு" என்றார் அம்மாவாசி. "அந்தம்மா கேட்ட மாதிரிக் கூட்டத்துல சொல்லியாச்சுல்ல. நாளைக்கே போய்க் கூட்டியா. மழ வெறிச்சிருக்கு."

தண்டம் போட யாரும் நினைக்கவில்லை. கூட்டம் கால்மணி நேரத்தில் கலைந்தது. தன் குற்றம் என்று அவன் இரண்டு மாதம் தனியாகத் தூக்கித் திரிந்தது ஊர்ப்பொதுவாக இருந்தது. அதில் அவனுக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. பாரம் குறையவும் இல்லை.

திங்கட்கிழமை மறுபடியும் மலையேறினான்.

"சொன்னேன் தாயி, எல்லாரு முன்னாடியும்" என்றான்.

"என்ன சொன்னாங்க?" அஞ்சலாட்சி ஆவலாகக் கேட்டாள். வருத்தப்பட்டார்கள், தலையில் அடித்துக்கொண்டார்கள் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்ல அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னால் அவள் சந்தோஷமாக இறங்கி வந்துவிடுவாள். வெடிக்காமல் மீந்த பழமும் தப்பும். வாய்வரை வந்ததை விழுங்கினான்.

"அவுகளுக்கு மொதல்லயே தெரியுமாம்."

"எப்பலேருந்து?"

"அன்னைக்கிருந்தே."

அவள் கையில் ஏலக்காய்க் கூடை இருந்தது. அதைக் கீழே வைத்தாள்.

"அப்ப நான் மூட்டையப் பிரிச்சுக் காட்டினப்ப, எல்லாரும் தெரிஞ்சுகிட்டேதான் பாத்துகிட்டு நின்னாங்களா?"

அவன் தலையைக் குனிந்தான்.

"போய்ட்டு வாங்கண்ணா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வந்த விருந்தாளியை அனுப்புகிற மாதிரிதான் சொன்னாள். கூடையை எடுத்துக்கொண்டு செடிகளுக்குள் போய்விட்டாள். சாயா வேண்டுமா என்று கேட்கவில்லை.

சாயந்திரம் ஜீப் இறங்கும்போது பவுனு கேட்டாள். "வர்றாகளா?"

"வரல."

"என்ன சொன்ன?"

"உள்ளதச் சொன்னேன். ஊருக்கே தெரியும்னு."

பவுனு தூக்குவாளியை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நாலைந்து வளைவு தாண்டியது.

"ரெண்டு மாசமா ஒரே வரிசையில நின்னு காய் எடுக்குறோம்" என்றாள். "அவ நல்லாத்தான் பேசுறா. கஞ்சிக்கு ஊறுகா குடுக்குறா. நான்தான் அவ மொகத்த நிமுந்து பாக்குறதில்ல. நாளையிலிருந்து எப்புடி நிக்கப்போறேன்?"

ஜீப்பிலிருந்த மற்றப் பொம்பளைகளும் கூடலூர் வரும்வரை தங்கள் தூக்குவாளியையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

அந்தப் போகத்தில் ஓடைக்கரைப்பட்டிக்குப் பாதிப் பழம் கூடத் தேறவில்லை. மாட்டுக்குப் போட்டது போக மீதியைக் குழிவெட்டி மூடினார்கள். சுருளியாண்டியை ஊரில் ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிராக்டர் வேலை போனது, அதுவும் சங்கத்தை விட்டதால் போனதுதான்.

தை மாதம், சங்கத்திலேயே மறுபடியும் சேர்ந்துவிடலாம் என்று ஊர் முடிவு செய்தது. மற்ற மூன்று ஊரும் சம்மதித்தன. ஆனால் ஆட்கள் தங்கும் ஷெட் இனி வேறு ஊரில். மூன்று வருஷத்துக்கு முறையில் இந்த ஊர் கடைசி. கூலிப் பேச்சில் இந்த ஊருக்குக் குரல் இல்லை. மலைச்சாமி பந்தலுக்கு வந்தார். பாண்டீஸ்வரன் அடுத்த காய்ப்புக்குக் கொடியைக் கவாத்து பண்ணிக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு உத்தமபாளையத்துல பேச்சுவார்த்த. நீயும் வா. நமக்கும் கூலிப் பேச்சுல ஒரு குரல் வேணும்னு கேட்டுப் பாக்கணும். எனக்கு அம்புட்டு வராது."

"நான் வரல மாமா. இனிமே எதுக்கும் என்னையக் கூப்பிடாதீக."

மலைச்சாமி வற்புறுத்தவில்லை. வரப்பில் உட்கார்ந்தார். பாண்டீஸ்வரன் ஒரு கொடியை வெட்டிவிட்டுக் கேட்டான்.

"உங்களுக்கும் அன்னைக்கே தெரியும். நீங்க வாயத் தொறந்தீக, அப்புறம் மூடிக்கிட்டீக. ஏன் மாமா சொல்லல?"

மலைச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"நீயே சொல்லிருவன்னு நெனச்சேன்பா. இப்பச் சொல்லிருவான், இந்தாச் சொல்லிருவான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அதுக்குள்ள கைய எண்ணிட்டாக."

கொஞ்ச நேரம் கழித்து மலைச்சாமி எழுந்து, தூணில் தொங்கிய இன்னொரு கத்திரியை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசையில் போய் நின்றார். வெயில் உச்சிக்கு ஏறும் வரை ஆளுக்கொரு வரிசையாகக் கொடியை வெட்டிக்கொண்டே போனார்கள்.